நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு, நீருக்கு இல்லை

கேமரன் மலை நமக்குக் கற்பிக்கும் பாடம்



விடியற்காலையில் நிரைக்குச் செல்லும் வழியில் ஓர் ஓடையைக் கடக்காத பால்வெட்டுத் தொழிலாளர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். முதல் நாள் இரவு மழை பெய்திருப்பின், அவ்வோடை செந்நிறமாகக் கலங்கி ஓடுவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். கண்டும் நின்று சிந்தித்ததில்லை. அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது? எங்கே போய்ச் சேர்கின்றது? அதற்குப் பொறுப்பாளி யார்?

இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது எளிதன்று. ஏனெனில், அந்த ஓடை நம் தோட்டத்தில் பிறக்கவுமில்லை. நம் தோட்டத்தோடு முடிந்துவிடவுமில்லை. மேலே ஒரு காட்டில் ஊற்றாகத் தோன்றி, சிறு தோட்டக்காரரின் நிலத்தையும், அடுத்த கம்பெனியின் செம்பனைத் தோட்டத்தையும் கடந்து நம்மிடம் வருகின்றது. நம்மிடமிருந்து ஒரு மலாய்க் கிராமத்துக்கும், பின்னர் ஒரு பட்டணத்தின் குடிநீர் ஆலைக்கும் செல்கின்றது. நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டிவிடலாம். நீரை அவ்வாறு அளந்து பிரித்து நிறுத்த இயலாது.

பலருக்கும் பொதுவாக உள்ள ஒரு நிலப்பரப்பைப் பலரும் சேர்ந்தே காத்தல் வேண்டும் என்பதே இம்மாதப் பாடம். இதனை விளக்கப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக் கொள்வோம். அங்கே சரிவு மிகுதி; தொலைவு குறைவு. ஆகவே மேலே ஒருவர் செய்வதன் விளைவு கீழே உள்ளவரை விரைவில் எட்டிவிடுகின்றது. நம் ரப்பர்த் தோட்டங்களில் மெதுவாக நடைபெறுவது அங்கே கண்முன்னே நடைபெறுகின்றது.

மலையும் அதன் பங்காளிகளும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1931ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை முடிவுற்ற பின்னர் மக்கள் குடியேற்றம் பெருகியது. இன்று கேமரன் மலை 712 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள ஒரு மாவட்டமாகும். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், கம்போங் ராஜா ஆகியவை அதன் முக்கிய ஊர்கள். ஆண்டுக்கு 2,500 மில்லி மீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்யும் பூமி அது.

இம்மலையில் முதலில் வாழ்ந்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள்; பெரும்பாலோர் செமாய் இனத்தவர். காட்டு ஓடைகளே அவர்களுக்குக் குடிநீர். காடே அவர்களுக்கு உணவும் மருந்தும் அளித்து வந்தது.

அடுத்து வந்தது தேயிலை. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டமும், 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றின. காட்டை வெட்டித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. இன்று அந்தச் சரிவுகளில் வங்காள தேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் சேர்ந்து உழைக்கின்றனர். குளிர்ந்த சூழலைப் பயன்படுத்திச் சீனரும் இந்தியரும் காய்கறி, பூ வேளாண்மையில் இறங்கினர். நம் சந்தையில் நாம் வாங்கும் கோசும் தக்காளியும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவையே. பின்னர் மின்சாரத் திட்டம் வந்தது. தங்கு விடுதிகள் வந்தன. சுற்றுலாப் பயணிகள் வந்தனர்.

ஆக, ஒரே மலையில் ஒராங் அஸ்லி கிராமங்கள், தேயிலைத் தோட்டங்கள், காய்கறித் தோட்டங்கள், மின் நிலையங்கள், விடுதிகள், கடைத்தெருக்கள், காப்புக் காடுகள் எனப் பல பங்காளிகள். அவர்களை மேற்பார்வை செய்யும் அரசு அலுவலகங்களும் பல. மாவட்ட நில அலுவலகம், மாவட்ட மன்றம், வன இலாகா, நீர்ப்பாசன வடிகால் இலாகா, விவசாய இலாகா, சுற்றுச்சூழல் இலாகா, ஒராங் அஸ்லி மேம்பாட்டு இலாகா என அவை நீளும். நம் நாட்டு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் பொறுப்பு. மின்சாரமோ மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது. ஒரே ஓடையின் கரையில் இரண்டு அரசுகளின் அதிகாரமும் சந்திக்கின்றன.

ஒரு மழைத்துளியின் பயணம்

பிரிஞ்சாங் மலையுச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் உயரமானது. அங்கே பாசி படர்ந்த காடு மேகத்திலிருந்தே ஈரத்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக ஓடைகளில் விடுகின்றது. அவ்வோடைகள் தெலோம், பெர்த்தாம் முதலிய ஆறுகளாகின்றன. இயற்கை வகுத்த வழியில் இவை ஜெலாய் ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து, தென்சீனக் கடலை அடைய வேண்டியவை.

மனிதன் அவ்வழியை மாற்றினான். அன்றைய மத்திய மின்சார வாரியம் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டியது. 1963ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டது. தேங்கிய நீர் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே பேராக் மாநிலத்துக்குள் பாய்ந்து, ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடியில் உள்ள மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகின்றது. அதன் ஆற்றல் 100 மெகாவாட். மேலும் கீழே சென்று வோ மின் நிலையத்தில் அந்நீர் மறுபடியும் வேலை செய்கின்றது. இறுதியில் அது மலாக்கா நீரிணையை அடைகின்றது. பகாங்கில் பெய்த மழை பேராக்கில் விளக்கேற்றுகின்றது என்றால் அது மிகையன்று.

ஆகவே, மலையுச்சியில் வாழும் ஒருவர் தம் நிலத்தில் மண்வெட்டியை ஓங்கும்போது, தாம் ஒருபோதும் காணாத ஓர் ஊரின் வாழ்வையும் அசைக்கின்றார்.

மண் எவ்வாறு நகர்கின்றது?

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டிய பழைய சோதனை இது. உங்கள் பிள்ளைகளுடன் சேர்ந்து நீங்களும் செய்து பாருங்கள்.

இரண்டு பழைய மரப் பெட்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கப் பலகையை அகற்றிவிட்டு மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் வெறும் மண். மற்றொன்றில் வேரோடு பெயர்த்தெடுத்த புற்கரணை. திறந்த பக்கம் கீழே இருக்கும்படி இரண்டையும் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைக் கோப்பையை வையுங்கள். பூவாளியால் ஒரே அளவு நீரை இரண்டின்மேலும் ஊற்றுங்கள். வெறும் மண் பெட்டியின் கோப்பையில் குழம்பு போன்ற நீர் உடனே நிரம்பும். புல் மூடிய பெட்டியின் கோப்பையில் நீர் தாமதித்தே வரும்; பெரிதும் தெளிந்திருக்கும்.

மழைத்துளி வெறும் மண்ணின்மேல் வீழும்போது சிறு சம்மட்டிபோல் அடித்து மண்ணைத் துகளாக்குகின்றது. நீர் அத்துகளை வாரிச் செல்கின்றது. இலையும் வேரும் இருப்பின், இலை அடியைத் தாங்கிக் கொள்ளும். வேர் மண்ணைப் பிடித்துக் கொள்ளும். சரிவு கூடக் கூட நீரின் வேகமும் கூடும். வேகம் கூடக் கூட அது சுமக்கும் மண்ணும் பெருகும்.

தேயிலைச் செடிகள் நன்கு வளர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிவிட்டால் சரிவின்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஆகிவிடும்; மண் அரிப்பு குறையும். ஆனால் புதிதாக நடும் காலத்தில் தேயிலைச் சரிவும் வெறும் மண்ணே. காய்கறி நிலமோ ஆண்டில் பலமுறை கிளறப்படுகின்றது. மழையிலிருந்து பயிரைக் காக்கப் போடப்படும் பிளாஸ்டிக் கூரைகள் பயிருக்கு நன்மையே. எனினும் கூரைமேல் வீழ்ந்த நீர் மண்ணில் ஊறாமல் ஒரே மூச்சில் வடிகாலில் பாய்கின்றது. அனுமதியின்றி இயந்திரங்களைக் கொண்டு மலையைச் சீவிப் புதிய நிலம் ஆக்குவோரும் உண்டு. இவற்றோடு சாலைக்கும் கட்டடத்துக்கும் வெட்டப்படும் மண்ணும் சேர்கின்றது.

இவை யாவும் இறுதியில் ஒன்றுகூடும் இடம் ரிங்லெட் நீர்த்தேக்கம். அது கட்டப்பட்டபோது ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவு உடையதாக இருந்தது. வண்டல் வந்து சேரும் என்பதைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் போதுமான இடத்தை அதற்கென அடியில் ஒதுக்கியே திட்டமிட்டனர். அவர்கள் கண்ட மலை பெரும்பாலும் காடாக இருந்த மலை. காடு குறைந்து வெறும் மண் பெருகியதும் அக்கணக்கு பொய்த்தது. பாதிக் காலம் கடக்கு முன்பே அந்த இடம் நிரம்பி, வண்டல் மேலேறிவிட்டது. பெருஞ்செலவில் வண்டலைத் தோண்டியெடுக்கும் பணி ஓயாமல் நடைபெற்று வருகின்றது. ஒரு கையால் அள்ள, மறு கையால் கொட்டுவது போன்றது இது.

ஓர் இரவு

வண்டல் நிரம்பிய நீர்த்தேக்கத்தால் விளையும் கேடு மின்சாரக் குறைவு மட்டுமன்று. பெருமழையின்போது வெள்ளத்தைத் தாங்கிக் கொள்ள அதில் இடமில்லாமல் போகின்றது. நீர்மட்டம் விரைந்து ஏறினால், அணை உடையாமல் காக்க மதகுகளைத் திறந்தே தீர வேண்டும்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அதுவே நடந்தது. கனத்த மழையால் அணை நீர் அபாய அளவை எட்டியது, நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மக்கள் உறங்கிக் கொண்டிருந்தனர். சேறு கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆற்றோரத்தில் மிக நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த குடியிருப்புகளே பெரிதும் துன்புற்றன. அடுத்த ஆண்டு, 2014 நவம்பரில், பெருமழையால் மண்சரிவும் வெள்ளமும் மீண்டும் வந்து உயிர்களைப் பறித்தன. அதற்கும் முன்னர், 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், பிரிஞ்சாங்குக்கு அருகிலுள்ள சுங்கை ருயில் ஒராங் அஸ்லி கிராமத்தில் மண் சரிந்து எழுவர் மாண்டனர்.

அந்த அக்டோபர் இரவுக்கு யார் காரணம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவர். மழையைக் காட்டுவார் ஒருவர். அணையைக் காட்டுவார் ஒருவர். காய்கறித் தோட்டத்தைக் காட்டுவார் ஒருவர். ஆற்றோரத்தில் வீடு கட்டியவரைக் காட்டுவார் இன்னொருவர். ஒவ்வொரு சுட்டுதலிலும் சிறிது உண்மை உண்டு. எதிலும் முழு உண்மை இல்லை. பலர் சேர்ந்து உண்டாக்கிய கேட்டை ஒருவர் தனியே நீக்க முடியாது.

தனித்தனியே முயன்றால் ஏன் முடியாது?

ஒவ்வொருவரின் நிலையில் நின்று பார்ப்போம்.

காய்கறி வேளாளர் பலர் நீண்ட காலமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின் பேரிலேயே நிலத்தைப் பயன்படுத்தி வந்துள்ளனர். அடுத்த ஆண்டு நிலம் தமக்கு இருக்குமா என்று அறியாதவர், பத்தாண்டு நிலைக்கும் கல் வரப்பைக் கட்ட ஏன் பணம் செலவிடுவார்? இங்கே குறை அவர் மனத்தில் மட்டுமன்று. உரிமத்தின் தன்மையிலும் இருக்கின்றது.

மின்சார நிறுவனம் வண்டலை அள்ளலாம். ஆனால் வண்டல் பிறக்கும் சரிவுகளின்மேல் அதற்கு அதிகாரமில்லை. நில அலுவலகத்துக்கு அதிகாரமுண்டு. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டமும் கையில் உண்டு. ஆயினும் சில அதிகாரிகள் எத்தனை சரிவுகளைக் காவல் காக்க இயலும்? தேயிலைத் தோட்டம் தன் மண்ணைக் காத்துக் கொண்டாலும், மேலே ஒரு சரிவு வெட்டப்பட்டால் அதன் ஓடையும் கலங்கும். ஒராங் அஸ்லி மக்கள் மண்ணைக் கலைத்தவர்கள் அல்லர். ஆனால் குழாய் வழியே தம் கிராமத்துக்குக் கொண்டுவந்த ஓடைநீர் சேறாகும்போது முதலில் துன்புறுபவர்கள் அவர்களே.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. செலவு செய்ய வேண்டியவர் மேலே இருக்கின்றார். பயன் பெறுபவர் கீழே இருக்கின்றார். மேலே இருப்பவருக்குப் பயனில் பங்கும், கீழே இருப்பவருக்குப் பேச்சில் இடமும் கிடைத்தாலன்றி மலை காக்கப்படாது. இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி.

கேமரன் மலையில் இவ்வழியில் சில முயற்சிகள் நடைபெறுகின்றன. அனுமதியின்றி நிலம் வெட்டுவோர்மீது பல இலாகாக்கள் கூட்டாக நடவடிக்கை எடுத்துள்ளன. 2013க்குப் பின், அணைக்குக் கீழே வாழும் மக்களுக்கு அபாயச் சங்கு ஊதி எச்சரிக்கும் ஏற்பாடும், எவ்வழியே மேட்டுக்குச் செல்வது என்னும் பயிற்சியும் முக்கியத்துவம் பெற்றன. 2001ஆம் ஆண்டில் உள்ளூர் மக்களே ஒன்றுகூடித் தொடங்கிய ரீச் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, ஆறுகளையும் காடுகளையும் கண்காணித்துக் குரல் கொடுத்து வருகின்றது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் சங்கு ஊதுவது உயிரைக் காக்கும், மண்ணைக் காக்காது. மண்ணைக் காக்க, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்து கொள்ளும் உடன்பாடு வேண்டும்.

இரண்டு முன்மாதிரிகள்

அத்தகைய உடன்பாடு நடைமுறைக்கு ஒத்து வருமா என்று சிலர் ஐயுறலாம். வந்திருக்கின்றது. இரண்டு சான்றுகளைக் காண்போம். ஒன்று நம் முன்னோருடையது, மற்றொன்று அண்மைக் காலத்தது.

தமிழகத்தில் காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர்ப் பணிகளைக் கவனிக்கக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து வாரியங்கள் அமைத்ததை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. தோட்ட வாரியம் மற்றொன்று. உறுப்பினரின் பதவிக் காலம் 360 நாள். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெறவே முடியாது. நீர் பொதுச் சொத்து, அதனைக் காப்பவர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் கருத்து ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே நம்மிடம் இருந்தது. ஒன்றையும் மறைத்தல் கூடாது. அவ்வாரியங்களில் நிலமுடைய அந்தணர்க்கே இடமிருந்தது. மண்வெட்டி பிடித்தவர்க்கு இடமில்லை. முன்னோரின் முறையை ஏற்போம். அம்முறை விட்டுவிட்டவர்களையும் சேர்த்துக் கொள்வோம்.

இரண்டாவது சான்று வட இந்தியாவில் உள்ளது. சண்டிகர் நகரத்தார் 1958ஆம் ஆண்டில் சுக்னா என்னும் ஏரியை அமைத்தனர். சில ஆண்டுகளிலேயே ரிங்லெட்டுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்தது. வண்டல் வந்து நிறைந்தது. எங்கிருந்து வருகின்றது என்று மண் பாதுகாப்பு விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா தேடிச் சென்றபோது, சிவாலிக் குன்றுகளில் சுகோமாஜ்ரி என்னும் ஏழைக் கிராமத்தைக் கண்டார். வேறு பிழைப்பின்றி மக்கள் ஆடுமாடுகளை மேயவிட்டு மலையை மொட்டையாக்கியிருந்தனர்.

மலைக்கு வேலி போட்டு மக்களை விரட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 1976ஆம் ஆண்டில் அக்கிராமத்துக்கென ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. மலையைக் காத்தால் அணையில் நீர் தங்கும். நீர் தங்கினால் வயல் விளையும் என்று மக்கள் கண்டனர். நிலமுள்ள சிலருக்கே நீர் பயன்படுகின்றது என்ற முறையீடு எழுந்தபோது, நிலமற்றோர் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் நீரில் சம பங்கு என முடிவு செய்தனர். நிலமில்லாதவர் தம் பங்கு நீரை அடுத்தவருக்கு விற்கவும் முடிந்தது. அதன்பின் மேய்ச்சலை நிறுத்தியவர்கள் காவலர்கள் அல்லர், அம்மக்களே. மலை பசுமையுற்றது, ஏரிக்கு வந்த வண்டலும் பெரிதும் குறைந்தது. மேலே இருப்பவருக்குப் பங்கு, எளியவருக்கும் பேச்சு என்னும் இரண்டும் சேர்ந்த இடத்தில் காவல் தானே பிறந்தது.

நம் ரப்பர்த் தோட்டத்தில்

இனி நம் நிலைக்கு வருவோம். மண் அரிப்பு ரப்பர்த் தோட்டங்களுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி எடுப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் எண்ணினர். நம் பாட்டன்மார் வெயிலில் குனிந்து அப்புல்லைச் சுரண்டினர். மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளில் போய்ச் சேர்ந்தது. பின்னர்தான் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற பயற்றின மூடுபயிர்களை வளர்க்கும் முறை பரவியது. அவை மண்ணை மூடிக் காப்பதோடு, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து உரமும் ஆகின்றன. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் படி வெட்டுவதும், வண்டல் தங்கக் குழி தோண்டுவதும் வழக்கத்துக்கு வந்தன.

ரப்பர் ஆலைக் கழிவுநீரும் அவ்வாறே. ஒரு காலத்தில் பாலை உறைய வைத்த அமில நீர் நேரே ஓடையில் விடப்பட்டது; மீன்கள் செத்து மிதந்தன. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978இல் வந்த கச்சா ரப்பர் ஆலைகளுக்கான விதிகளும் அதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தன. தவறான வழக்கம் என்றும் மாறாதது அன்று என்பதற்கு நம் தொழிலே சாட்சி.

தோட்டத்தில் மாற்றங்களை முதலில் காண்பவர் நிருவாகியோ அதிகாரியோ அல்லர். நாள்தோறும் சரிவில் நடக்கும் தொழிலாளியே. ஆகவே அவர் செய்யத்தக்கவை பல உண்டு.

1. ஓடையைக் கவனித்தல்: மழைக்குப் பின் ஓடை எத்தனை நாளில் தெளிகின்றது என்று குறித்து வையுங்கள். முன்பு ஒரு நாளில் தெளிந்தது இப்போது மூன்று நாள் ஆயின், மேலே எங்கோ மண் வெட்டப்படுகின்றது.

2. ஓடைக்கரையை விட்டுவைத்தல்: கரையோரப் புல்லையும் புதரையும் மருந்தடித்து அழிக்காதீர்கள். அதுவே ஓடையின் வேலி. மருந்துக் கலத்தை ஓடையில் கழுவுதலும் ஆகாது.

3. வண்டல் குழியைத் தூர்வாருதல்: நிரம்பிய குழி, இல்லாத குழிக்குச் சமம். மழைக்காலம் தொடங்கு முன் தூர்வார வேண்டுமென மண்டோரிடம் நினைவூட்டுங்கள்.

4. மறுநடவுக் காலத்தில் விழிப்பு: பழைய மரங்களை வீழ்த்திய பின் மூடுபயிர் படரும் வரையுள்ள மாதங்களே மிக ஆபத்தானவை. பெருமழைக் காலத்தில் மண் வெறுமையாக இராதவாறு வேலையைத் திட்டமிடத் தொழிற்சங்கக் கிளை நிருவாகத்துடன் பேசலாம்.

5. ஓடைக் குழு அமைத்தல்: நம் தோட்டம், மேலே உள்ள சிறு தோட்டக்காரர், கீழே உள்ள கம்பம், அருகில் ஒராங் அஸ்லி கிராமம் இருப்பின் அதன் தலைவர் ஆகியோர் ஆண்டுக்கு இருமுறை கூடி ஓடையைக் கால்நடையாகச் சேர்ந்து பார்வையிடலாம். குறை கூறுவதற்கு முன் சேர்ந்து நடத்தல் நன்று. நேரில் கண்டதை மறுத்துப் பேசுவது எவர்க்கும் கடினம்.

6. எழுதி வைத்தல்: கூட்டத்தில் யார் எதைச் செய்ய ஒப்புக் கொண்டார் என்பதை எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். உத்திரமேரூர் வாரியத்தார் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருந்ததை நினைவிற் கொள்ளுங்கள். தனியே தீர்க்க முடியாதவற்றை நீர்ப்பாசன வடிகால் இலாகாவுக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ பலரும் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

தொழிலாளியால் இவையெல்லாம் முடியுமா என்று எவரும் சோர்வுற வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீதிக்கு வந்த நாளில், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை வாங்கினர். நிலத்தையே கூடி வாங்க முடிந்தவர்களுக்கு, ஓர் ஓடையைக் கூடிக் காப்பது முடியாத செயலாகுமா?

முடிவுரை

ஊர் கூடித் தேர் இழுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வடத்தை இழுப்பவர் முன்னே நிற்பர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் பக்கத்தில் நிற்பர். இழுப்பவர் மட்டும் இருந்தால் தேர் சரிவில் ஓடிவிடும். கட்டை போடுபவர் மட்டும் இருந்தால் தேர் நகராது. ஒரு நிலப்பரப்பைக் காப்பதும் அத்தகையதே. பயன் பெறுவோரும் கட்டுப்படுத்துவோரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதாமல் ஒரே தேரின் ஆட்களாகக் கருதுதல் வேண்டும்.

அடுத்த முறை மழை பெய்த மறுநாள் காலையில், நிரைக்குச் செல்லும் வழியில் அந்த ஓடையின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். நீர் கலங்கியிருந்தால், உங்களுக்கு மேலே இருக்கும் ஒருவருடன் பேச வேண்டிய செய்தி அதில் இருக்கின்றது. உங்கள் தோட்டத்து மண் அதில் கலந்திருந்தால், கீழே இருக்கும் ஒருவர் உங்களுடன் பேசக் காத்திருக்கின்றார்.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் தோட்டத்து ஓடை எங்கே தோன்றுகின்றது? எந்த ஆற்றில் கலக்கின்றது? வழியில் அதனைப் பயன்படுத்துவோர் யாவர்?

2. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் திட்டமிட்டதைவிட விரைவில் வண்டல் நிரம்பியதேன்?

3. தற்காலிக உரிமம் பெற்ற வேளாளர் கல் வரப்புக் கட்டத் தயங்குவதேன்? அத்தயக்கத்தை நீக்கும் வழி யாது?

4. சுகோமாஜ்ரி மக்கள் வேலியின்றியே மலையைக் காத்தது எவ்வாறு? அவ்வழியில் எதனை உங்கள் ஊரில் மேற்கொள்ளலாம்?

5. இரண்டு பெட்டிச் சோதனையை உங்கள் பிள்ளைகளுடன் செய்து பார்த்து, இரு கோப்பைகளிலும் கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.